திருப்போரூர் பக்கம் ஒரு சைவ மடத்துல நாலு நாள் தங்கிட்டு வந்தேன்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுட்டே இருந்தேன், இன்னிக்கு தான் உக்காந்தேன். கேளம்பாக்கம் தாண்டி திருப்போரூர் போற வழில மெயின் ரோட்டுலேந்து உள்ள தள்ளி ஒரு சின்ன சைவ மடம் இருக்கு. வெளி ஆளுங்க நாலு நாள் தங்கி, அங்க இருக்கற சாமிங்க கூடவே எழுந்து, கூடவே சாப்பிட்டு, யோகா கத்துக்கிட்டு வரலாம். மடத்து பேரை இங்க போடல. மொத்தமே எட்டு ரூம் தான், கூட்டம் சேர்ந்தா எங்களால பாத்துக்க முடியாதுன்னு அவங்களே கேட்டுக்கிட்டாங்க. நெஜமா போகணும்னு நெனைக்கிறவங்க தனியா கேளுங்க, நம்பர் தரேன்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன், ஏன்னா இந்த ரிவ்யூவுக்கு அது முக்கியம். நான் காசிமேட்டுக்காரன். அப்பா மீன் ஏலத்துல இருந்தவரு, எங்க வீட்டு அடுப்புல மீன் குழம்பு கொதிக்காத நாள்னா அது அமாவாசை, கிருத்திகை, இல்லன்னா தடைக்காலத்துல வெலை ஏறி வாங்க முடியாத நாளு. இப்போ நான் மாதவரத்துல ஒரு லாரி புக்கிங் ஆபீஸ்ல கணக்கு எழுதறேன், வயசு 44, மூணு வருஷமா பிபி மாத்திரை. டாக்டர் நடங்க, யோகா பண்ணுங்க, உப்பை கொறைங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டே இருந்தாரு.

அதுக்காக ரெண்டு வருஷம் முன்னாடி சிட்டிக்குள்ள ஒரு யோகா கிளாஸ்ல சேர்ந்தேன். எந்த இடம்னு சொல்ல விரும்பல. மூணாவது நாளு என்னென்ன சாப்பிடுவீங்கன்னு எல்லாரையும் வரிசையா கேட்டாங்க, நானும் உள்ளதை சொன்னேன். அதுக்கு அந்த டீச்சர் எல்லாரு முன்னாடியும், மீன் திங்கற உடம்புல யோகா ஏறாது, முதல்ல உடம்பை சுத்தம் பண்ணிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. பக்கத்துல இருந்தவரு மெதுவா தன்னோட பாயை அந்தப் பக்கம் நகத்திக்கிட்டாரு. எனக்கு கோவம் வரல, அப்பா ஞாபகம் தான் வந்துச்சு, காலைல மூணு மணிக்கு எழுந்து போயி ஐஸ்ல கை மரத்துப் போய் வருவாரு. அன்னியோட நின்னுட்டேன், கட்டின பணத்தை கூட திருப்பி கேக்கல.

அதனால இந்த மடத்தைப் பத்தி என் கூட வேலை பாக்கற அண்ணன் சொன்னப்போ போன்லயே எல்லாத்தையும் சொல்லிட்டு தான் புக் பண்ணேன். நாங்க மீன் சாப்பிடற குடும்பம், வரலாமா சாமின்னு கேட்டேன். அந்தப் பக்கம் பேசினவரு, இங்க இருக்கற நாலு நாளும் சாப்பிடாம இருப்பீங்களான்னு ஒரே ஒரு கேள்வி தான் கேட்டாரு. இருப்பேன்னேன். அப்போ வாங்க ஐயா, மாத்திரை சீட்டை மறக்காம எடுத்துட்டு வாங்கன்னு வெச்சுட்டாரு.

போனது சித்திரை மாசம், ஏப்ரல் 15க்கு தடைக்காலம் ஆரம்பிச்சு ஒரு வாரம் இருக்கும், போட்டெல்லாம் கரைல கட்டி கெடந்துச்சு. பிராட்வேல பஸ் ஏறி கேளம்பாக்கம், அங்கேந்து ஷேர் ஆட்டோ, கடைசில கொஞ்ச தூரம் நடை. வெயில்ல அந்த நடை கஷ்டம், வயசானவங்க இருந்தா வாசல் வரைக்கும் ஆட்டோ பேசிக்குங்க.

வாசல்லயே ஒரு மர அலமாரி இருக்கு. தோல் செருப்பு, பெல்ட், பர்ஸ் எல்லாத்தையும் அதுல வெச்சுட்டு போகணும். பணத்தை போட்டுக்க ஒரு துணிப்பை தராங்க. பட்டு வேட்டி, பட்டு புடவையும் உள்ள வேணாங்கறாங்க, பட்டுப்புழுவை கொதிக்கற தண்ணில போட்டு தான் நூல் எடுக்கறாங்கன்னு. எனக்கு பெல்ட் விஷயம் தெரியும், பட்டை இந்தக் கணக்குல ஒரு நாளும் யோசிச்சதில்ல, என் கல்யாணத்துக்கு எடுத்ததே காஞ்சிபுரம் பட்டு தான். அதை சொன்னப்போ அந்த வாசல் சாமி, எங்க அம்மாவும் பட்டுல தான் கல்யாணம் பண்ணாங்க ஐயான்னு சொல்லிட்டு துணிப்பையை கைல கொடுத்தாரு.

ரூம் சின்னது, பாய், தலகாணி, ஒரு ஃபேன், கொசு வலை. ஏசி கெடையாது. பாத்ரூம் வெளில, பொதுவானது, சுத்தமா இருக்கு, ஆனா எல்லாமே இந்தியன் டாய்லெட், மூட்டு வலி உள்ளவங்க முன்னாடியே கேட்டுக்கணும், ஒரே ஒரு வெஸ்டர்ன் தான் ஆபீஸ் ரூம் பக்கத்துல இருக்கு. போனை காலைல ஒரு அரை மணி நேரம், சாயந்திரம் ஒரு அரை மணி நேரம் பாத்துக்கலாம், மத்த நேரம் ஆபீஸ்ல.

காலைல 4.30க்கு மணி. குளிச்சுட்டு 5.15க்கு எல்லாரும் ஹால்ல சும்மா உக்காரணும், மந்திரம் எதுவும் சொல்லிக் கொடுக்கல, மூச்சை கவனிங்க, முடியலன்னா கண்ணை தொறந்து விளக்கை பாருங்கன்னாங்க. ஆறு மணிக்கு அபிஷேகம், ஒரு ஓதுவார் தேவாரம் பாடறாரு, மைக் இல்லாம அந்த கல் மண்டபத்துல அவரு குரலை கேக்கறதுக்காகவே இன்னொரு தடவை போகலாம். ஏழு மணிக்கு ஆசனம், எட்டரைக்கு கஞ்சி, அப்புறம் தொண்டுன்னு சொல்லி எல்லாருக்கும் ஒரு வேலை, பன்னெண்டுக்கு சாப்பாடு, மூணு மணிக்கு சுக்குமல்லி காபி, பேச்சு, தோட்டம், சாயங்கால பூஜை, ஏழு மணிக்கு ராச்சாப்பாடு, ஒன்பதுக்கு விளக்கு அணைச்சுடறாங்க. முதல் நாளு ஒன்பது மணிக்கு எனக்கு எங்கேந்து தூக்கம் வரும், ரெண்டாவது நாளு படுத்தது தான் தெரியும்.

யோகா பத்தி சொல்றேன். சொல்லிக் கொடுக்கறவரு எழுபது வயசு இருக்கும், எல்லாரும் பெரிய சாமின்னு கூப்பிடறாங்க. முதல்ல ஒவ்வொருத்தர் கிட்டயும் உடம்புக்கு என்னன்னு கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டாரு. எனக்கு பிபிங்கறதால தலைகீழா நிக்கறது, மூச்சை அடக்கறது ரெண்டும் வேணாம்னுட்டாரு. பக்கத்துல ஒரு காலேஜ் பையன், திருமூலர் சொன்ன கணக்குல பிராணாயாமம் கத்துக்கணும்னு ஆசையா கேட்டான். இழுக்கறது 16, நிறுத்தறது 64, விடறது 32. பெரிய சாமி, அது வருஷக்கணக்கா குரு பக்கத்துல இருந்து பண்றது தம்பி, நாலு நாளைக்கு வந்துட்டு 64 எண்ணக்கூடாதுன்னு சொல்லி, நிறுத்தாம ஒரு மூக்குல இழுத்து இன்னொரு மூக்குல விடற நாடிசுத்தி மட்டும் சொல்லிக் கொடுத்தாரு. சூரிய நமஸ்காரம் பன்னெண்டு நிலையையும் முதல் நாளே போடல, நாலு நாளா பிரிச்சு பிரிச்சு தான். எனக்கு குனிஞ்சா கை முட்டி வரைக்கும் தான் வரும், நாலாவது நாளும் கணுக்கால் தொடல, அதுக்கு அவரு ஒண்ணும் சொல்லல, முதுகு வளையாம குனிஞ்சா போதும்னாரு.

ஆசனம் முடிஞ்சு சவாசனத்துல படுத்திருக்கும்போது ஒரு விஷயம் சொன்னாரு. பதஞ்சலி எட்டு படி வெச்சிருக்காரு, ஆசனம் மூணாவது படி, முதல் படி யமம், அந்த யமத்துல முதல்ல வர்றது அகிம்சை, அதனால இங்க யோகா கிளாஸ் காலைல ஏழு மணிக்கு ஆரம்பிக்கறதில்ல, மடைப்பள்ளில அடுப்பு மூட்டும்போதே ஆரம்பிச்சுடுதுன்னு. நாளைக்கு தொண்டுக்கு யாரு மடைப்பள்ளிக்கு வரீங்கன்னு கேட்டப்போ நான் கை தூக்கிட்டேன்.

இந்த மடத்துல எனக்கு புடிச்சதே அந்த மடைப்பள்ளி தான்.

அங்க சமையல் பாக்கற சாமி வடலூர் தர்மசாலைல கொஞ்ச காலம் தொண்டு பண்ணிட்டு வந்தவரு. வள்ளலார் 1867ல மூட்டின அடுப்பு இன்னிக்கு வரைக்கும் அணையாம எரியுதே, அந்த இடம். வள்ளலார் எங்க பக்கத்துல ஏழு கிணறு வீராசாமி தெருவுல தான் ரொம்ப வருஷம் இருந்தாரு, நான் ஸ்கூல் படிக்கும்போது அந்த வீட்டை தாண்டி எத்தனையோ தடவை சைக்கிள்ல போயிருக்கேன்னு சொன்னேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம், அன்னிலேந்து என்னை ஏழு கிணறு ஐயான்னு தான் கூப்பிட்டாரு, நான் காசிமேடுன்னு திருத்தவே இல்ல.

அடுப்பு பத்த வைக்கறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு உள்ள எறும்பு, பூச்சி இருக்கான்னு பாக்கறாரு. இருந்தா மயிலிறகால ஓரமா தள்ளி விடறாரு. வாசல்ல பச்சரிசி மாவுல தான் கோலம், எறும்புக்கு சாப்பாடு வெளிலயே கெடைச்சுட்டா அது ஏன் உள்ள வரப்போகுதுங்கறாரு. அரிசில வண்டு வந்தா மருந்து கெடையாது, முறத்துல பரப்பி காலை இளவெயில்ல வெச்சா அதுவே எறங்கி போயிடுது, எறங்காததை கையால பொறுக்கி செடில விடணும். அந்த வேலை தான் எனக்கு ரெண்டு நாளு. முதல் அரை மணி நேரம் இதெல்லாம் ஒரு வேலையான்னு இருந்துச்சு, அப்புறம் எப்படின்னே தெரியல, ஆபீஸ், லோன், பொண்ணு ஸ்கூல் ஃபீஸு எதுவுமே மண்டைல இல்ல, காலைல ஹால்ல கண்ணை மூடி உக்காந்தப்போ வராத அமைதி முறத்து முன்னாடி வந்துச்சு. கீரையை உப்பு மஞ்சத்தண்ணில முக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு இலையா திருப்பி பாத்து புழு இருந்தா எடுத்து தோட்டத்துல விட்டுடணும். எலிக்கு கூண்டு மட்டும் தான், புடிச்சதை சாயந்திரம் ஏரிக்கரை பக்கம் கொண்டு போய் தொறந்து விட ஒரு ஆளே இருக்காரு.

சாப்பாடு. வெங்காயம் பூண்டு இல்ல. ஆனா அதை கொல்லாமையோட சேக்காதீங்க, வெங்காயத்துல கொலை ஒண்ணும் இல்ல, அது தியானத்துக்கு உக்கார்றவங்க மனசை கெளப்பி விடும்னு தவிர்க்கறோம், வீட்டுல நீங்க சாப்பிடுங்கன்னு சமையல் சாமி தெளிவா சொன்னாரு. முதல் நாளு முருங்கைக்காய் சாம்பார், பூசணி கூட்டு, வாழைத்தண்டு பொரியல். ரெண்டாவது நாளு சாமை சோறு, பெருங்காயம் தூக்கலா போட்ட மிளகு குழம்பு, சேனை வறுவல். அந்த மிளகு குழம்பு இன்னும் நாக்குல இருக்கு. மூணாவது நாளு பச்சைப்பயறு கடைசல், அவரைக்காய், நாலாவது நாளு எலுமிச்சம்பழ சோறு, கொண்டைக்கடலை சுண்டல். உப்பு கம்மி தான், முதல் வேளை சப்புன்னு இருக்கும், போகப் போக காயோட ருசியே தனியா தெரிய ஆரம்பிச்சுடுது. ராத்திரி எப்பவும் லேசா தான், கஞ்சி இல்லன்னா இட்லி.

பால் விஷயத்தை நானே கேட்டேன், பால் மட்டும் எப்படி சாமி அகிம்சைன்னு. மடத்துல ஆறு மாடு இருக்கு, கன்னு வயிறு நெறைய குடிச்சதுக்கு அப்புறம் தான் கறப்பாங்க, பால் வத்தின மாட்டை விக்கறதில்ல. பால் கொறைஞ்ச நாளு நமக்கு தான் மோர் இல்ல, கன்னுக்கு இல்லாம போகாது. மூணாவது நாளு அப்படித்தான் மோர் இல்லாம சாப்பிட்டோம். பால் கூட வேணாம்னு இருக்கறவங்க பி12 டெஸ்ட் பாத்துக்கணும், டாக்டர் சொன்னா மாத்திரை போட்டுக்கணும்னு அவரே சொன்னாரு.

சாப்பிட கூப்பிடறப்போ அமுது செய்ய வாங்கன்னு தான் கூப்பிடுவாங்க. காக்காவுக்கு ஒரு பிடி, மாட்டுக்கு ஒரு வாய் எடுத்து வெச்சுட்டு, பதிகம் பாடி, அப்புறம் யாரும் பேசக்கூடாது. அரை வயிறு சாப்பாடு, கால் வயிறு தண்ணி, மிச்ச கால் காலியா இருக்கணும்னு அளவு. அதுக்காக யாரும் கையை புடிக்கல, கேட்டா கேட்ட அளவு போடறாங்க, பரிமாறும்போது மட்டும் ஒரு தடவை கண்ணைப் பாத்து போதுமான்னு கேப்பாங்க. அந்த ஒரு நொடி நின்னு யோசிச்சாலே போதும்னு தெரிஞ்சுடும்.

சாயங்கால பேச்சு எல்லாமே நம்ம ஊரு கதை தான். ஒரு நாளு பாம்பன் சுவாமிகள் பத்தி. 1923 டிசம்பர்ல தம்புச் செட்டித் தெருவுல குதிரை வண்டி மோதி கால் முறிஞ்சு ஜெனரல் ஆஸ்பத்திரில சேத்தாங்க, எழுபது தாண்டின வயசு, உப்பே சேக்காதவருங்கறதால எலும்பு கூடாதுன்னு டாக்டருங்க சொன்னாங்க, சிஷ்யங்க பாராயணம் பண்ணி கால் கூடிச்சுன்னு சொல்றாங்க. அப்புறம் 1929ல திருவான்மியூர்ல சமாதி ஆனாரு. கதை முடிஞ்சதும் பெரிய சாமி என் பக்கம் திரும்பி, உப்பை விட்டது அவரோட தவம், உங்களுக்கு டாக்டர் சொன்ன அளவு உப்பு, டாக்டர் சொன்ன மாத்திரை, இங்கேந்து போய் எதையும் நீங்களா நிறுத்திடாதீங்கன்னாரு. இதை எத்தனை யோகா டீச்சர் சொல்லுவாங்க?

அதே நாளு ராத்திரி தான் நான் அவரு கிட்ட அந்த பழைய கிளாஸ் கதையை சொன்னேன். யாரும் கேக்கல, நானா தான் சொன்னேன், சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைஞ்சு போச்சு. அவரு பதில் ஒண்ணும் சொல்லல. விளக்கை எடுத்துக்கிட்டு வாங்கன்னு பிரகாரத்துக்கு கூட்டிட்டு போனாரு. அங்க அறுபத்து மூணு நாயன்மார் வரிசையா கல்லுல நிக்கறாங்க. நடந்துட்டே வந்து ஒரு சிலை முன்னாடி நின்னாரு, கைல மீன். அதிபத்த நாயனார். நாகப்பட்டினம் பரதவர், தெனமும் புடிக்கற மீன்ல ஒண்ணை சிவனுக்குன்னு கடல்லயே விட்டவரு, ஒரே ஒரு மீன் மாட்டின நாள்ல கூட அதையும் விட்டுட்டு பசியோட கரைக்கு வந்தவரு, கடைசில தங்க மீன் மாட்டினப்பவும் அதையும் விட்டவரு. மயிலாப்பூர்ல பங்குனி அறுபத்துமூவர் அன்னிக்கு எத்தனை தடவை கூட்டத்துல நின்னு பாத்திருப்பேன், இப்படி ஒருத்தர் அந்த வரிசைல போறாருன்னு எனக்கு யாரும் சொன்னதில்ல. பெரிய சாமி சொன்னது இவ்வளவு தான்: இந்த மடத்துல யாரும் மீன் சாப்பிடறதில்ல ஐயா, ஆனா தெனமும் காலைல நாங்க இவரு கால்ல விழுந்துட்டு தான் மடைப்பள்ளிக்கு போறோம், ஆவணி ஆயில்யத்துக்கு இவருக்கு குருபூஜை பண்றோம்.

நான் அங்கயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். அவரு விளக்கை என் பக்கத்துல வெச்சுட்டு போயிட்டாரு.

கொல்லாமைன்னு பேசறவங்க நெறைய பேரை பாத்துட்டேன். தட்டுல உயிர் இருக்கக்கூடாதுன்னு அவ்வளவு பாக்கறவங்க, பக்கத்துல உக்காந்திருக்கறவன் மனசுல வார்த்தையால குத்தறதை பாக்க மாட்டேங்கறாங்க. இந்த மடத்துல வண்டுக்கு பாக்கற அதே பக்குவத்தை வந்த ஆளுக்கும் பாக்கறாங்க. நான் அஞ்சு ஸ்டார் கொடுக்கறது அதுக்கு தான்.

கொறைன்னு பாத்தா சிலது இருக்கு, அதையும் சொல்லணும். கொசு. ஏரி பக்கத்துல இருக்கறதால சாயந்திரம் ஆறு மணிக்கு மேல மொய்க்குது, பேட் அடிக்க விட மாட்டாங்க, வேப்பிலை புகை போடறாங்க, அது பத்தல, முழுக்கை சட்டை எடுத்துட்டு போங்க. ஃபோன் எடுக்கறதே மதியம் ரெண்டு மணிலேந்து மூணு மணி வரைக்கும் தான், எனக்கு லைன் கெடைக்க ஒரு வாரம் ஆச்சு. ஆசன ஹால் பாய் பழசாகி மெலிசா போச்சு, முட்டி போடும்போது வலிக்குது, வீட்டுலேந்து ஒரு கெட்டி போர்வை கொண்டு போயிடுங்க. பொம்பளைங்களுக்கு தனியா ரெண்டு ரூம் தான் ஒதுக்கியிருக்காங்க, அதனால அவங்களுக்கு எடம் கெடைக்க ரொம்ப நாள் ஆகுது, இதை மடத்துல கண்டிப்பா சரி பண்ணணும், போன் பண்றவங்க எல்லாரும் கேட்டா தான் நடக்கும்.

காசு கணக்கு எதுவும் இல்ல. போகும்போது உண்டியல்ல முடிஞ்சதை போடலாம், போடலன்னாலும் யாரும் பாக்கப் போறதில்ல. பணமா இல்லாம அரிசி, பருப்பு, நல்லெண்ணெய் வாங்கிட்டு போனா ரொம்ப சந்தோஷப்படறாங்க.

வீட்டுக்கு வந்து என்ன மாறுச்சுன்னு கேப்பீங்க. நான் சைவம் ஆகிடல, பொய் சொல்ல மாட்டேன். முன்ன வாரத்துல ஆறு நாளு மீன், இப்போ ரெண்டு நாளு. செவ்வா, வியாழன், சனி ராத்திரி கஞ்சி, பயறு. காலைல இருபது நிமிஷம் ஆசனம், நாடிசுத்தி, மாத்திரை அதே மாத்திரை தான், டாக்டர் பாத்துட்டு தொடர்ந்து பண்ணுங்கன்னாரு. பொண்டாட்டி அரிசி களையறதுக்கு முன்னாடி முறத்தை என் கிட்ட கொடுத்துடறா, அது என் வேலைன்னு ஆகிடுச்சு.

அம்மா கிட்ட அதிபத்தர் கதையை சொன்னேன். முந்தானையால கண்ணை தொடச்சுக்கிட்டு, உங்கப்பாவும் முதல் கூடைல ஒரு மீனை எடுத்து தண்ணில விட்டுட்டு தான்டா ஏலத்துக்கு போவாருன்னு சொன்னாங்க. நாப்பத்து நாலு வருஷமா எனக்கு இது தெரியாது.

ஆவணி ஆயில்யத்துக்கு அம்மாவை கூட்டிட்டு போறேன். கீழ உக்கார முடியாது அவங்களால, ஆபீஸ் ரூம் பக்கத்து அறைல ஒரு கட்டில் போட்டுத் தரேன்னு சொல்லியிருக்காங்க.